பின்கதவுக்கு ஒரு மெழுகுதிரி

எங்கள் வீட்டுப் பின்கதவு வேப்பமரத்தில் செய்தது. ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் ஊதிப்போய் நிலையைக் கவ்விக்கொள்ளும். தோளால் முட்டினால்தான் திறக்கும். திறக்கும்போது தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு கத்தல் போடும். வாழ வந்த முதல் மழைக்காலத்தில் அந்தச் சத்தத்துக்குப் பயந்து கையிலிருந்த பாலைக் கொட்டியிருக்கிறேன். பிறகு பழகிவிட்டது. மழை முடிகிற வரைக்கும் அந்தக் கதவும் நானும் தினமும் சண்டை போடுவோம்.

அப்படிப்பட்ட கதவு, போன வருஷத்துக்கு முந்தின வருஷ ஐப்பசியில் ஒருநாள், விரல் வைத்ததும் வழுக்கிக்கொண்டு திறந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த என் கணவரிடம் கேட்டேன்.

"என்னங்க, கதவு இவ்வளவு நைஸா போவுது? ஆசாரியக் கூப்புட்டீங்களா?"

"ஆசாரி எதுக்கு? மெழுகு தேச்சேன்," என்றார்.

நல்ல வேலை செய்தீர்கள் என்று பாராட்டிவிட்டு அடுப்படிக்குள் போனேன். அடுப்பைப் பற்ற வைத்த பிறகுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் அப்போது மெழுகுதிரி என்று ஒன்று கிடையாது. இருக்கக் கூடாது என்று சொன்னவரே அவர்தான்.

நான் பிறந்தது வேதாரண்யம் பக்கத்துக் கடற்கரையில். அப்பா படகில் போவார். அம்மா மீன்கூடையோடு பக்கத்து ஊர்களுக்குப் போய் விற்றுவிட்டு வருவாள். அவள் வருவதற்குள் இருட்டிவிடும் என்பதால், சாமி மாடத்து விளக்கை ஏற்றுவது சின்ன வயதிலிருந்தே என் வேலை. பக்தி கிக்தி ஒன்றும் கிடையாது. எண்ணெயைக் கொட்டினால் அம்மா திட்டுவாள் என்ற கவனம் மட்டும்தான். ஆனாலும் விளக்கு ஏற்றாமல் ஒரு நாளும் எனக்குப் பொழுது இறங்கியதில்லை.

லேப் டெக்னீஷியன் படிப்புக்குக் கும்பகோணம் வந்தேன். நான் பயிற்சிக்குப் போன ஆஸ்பத்திரிக்கு அவர் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தார். நெல் அறுக்கிற மெஷின்களுக்கு மெக்கானிக். பெல்ட்டில் கையைக் கொடுத்துக் கிழித்துக்கொண்டிருந்தார். ரத்தம் எடுக்கப் போனால் ஊசியைப் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவ்வளவு பெரிய மெஷினை மேய்க்கிற ஆளுக்கு இத்துனூண்டு ஊசிக்குப் பயமா என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பில் ஆரம்பித்தது எல்லாம்.

திருவிடைமருதூரை அடுத்த ஒரு கிராமத்தில் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்க வேதக்காரர்கள் அவர் குடும்பத்தார். கல்யாணப் பேச்சு வந்தபோது அவர் என்னை வற்புறுத்தவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். "வந்து பாரு. புடிச்சா எடுத்துக்க, புடிக்காட்டி விட்டுடு," என்று மட்டும் சொல்லி, ஈஸ்டருக்கு முந்தின இரவுப் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

கோயிலுக்குள் எல்லா விளக்கையும் அணைத்திருந்தார்கள். பக்கத்தில் நிற்கிறவர் முகம் தெரியாத இருட்டு. வாசலில் மூட்டிய நெருப்பிலிருந்து ஒரே ஒரு பெரிய திரியைக் கொளுத்திக்கொண்டு சாமியார் உள்ளே வந்தார். அதிலிருந்து பீடப் பையன்கள், அவர்களிடமிருந்து முன்வரிசை, அப்படியே ஆளுக்கு ஆள் திரும்பி, பின்னால் நிற்கிறவர் திரியைப் பற்ற வைத்துக்கொண்டே வந்தார்கள். யாரென்றே தெரியாத ஒரு அம்மா திரும்பி என் திரியைப் பற்ற வைத்துவிட்டுச் சிரித்தார். எங்கள் வீட்டில் விளக்கு ஒருத்தர் ஏற்றுவது. இங்கே ஒவ்வொருவரும் இன்னொருவரிடம் வாங்கித்தான் ஏற்ற முடிகிறது. அவர் மேல் இருந்த ஆசையில்தான் அந்தக் கோயிலுக்குள் போனேன். ஆனால் அங்கேயே நின்றது அந்த வெளிச்சத்துக்காக. இதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஊருக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். கத்துவார், அடிப்பார் என்று நினைத்திருந்தேன். வலையை மடித்துக்கொண்டே, "அப்ப நாளைலேர்ந்து வெளக்க யாரு ஏத்துறது?" என்றார். கல்யாணத்துக்கு வரவில்லை.

அடுத்த ஈஸ்டரில் எனக்கு ஞானஸ்நானம். எனக்கு ஞானத்தாயாக நின்றவர், பங்குக் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிற ஒரு அம்மா. பெரிய திரியிலிருந்து பற்ற வைத்து அவர் என் கையில் கொடுத்த மெழுகுதிரி ஒரு முழ நீளம். வெள்ளை ரிப்பன் கட்டி, நடுவில் தங்க நிறத்தில் ஒரு புறா ஒட்டியிருந்தது. பூசை முடிந்ததும் அதை ஊதி அணைத்துத் துணியில் சுற்றித் தந்தார்.

"இத சும்மா எரிச்சுத் தீத்துடாதம்மா. கஷ்டம்னா கொளுத்தி வச்சு செபம் பண்ணு. மிச்சத்தப் பத்திரமா வையி. கடைசி நேரத்துல உன் ஆளுங்க இதைக் கொளுத்தி உன் கையில புடிக்க வைக்கணும். அந்த வெளிச்சத்துலதான் போவணும்."

சாவுப் பேச்சை நல்ல நாளில் எடுக்கிறாரே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. பக்கத்தில் நின்ற என் கணவர் சிரித்துக்கொண்டே, "நான் இருக்கேன்ல, நான் கொளுத்துறேன். இவ எனக்கு முன்னாடி போனா," என்றார். எல்லோரும் சிரித்தோம். நான் அதை வாக்காகவே எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு மெழுகுதிரி எங்கள் கூடத்து அலமாரியில், மாதா சுரூபத்துக்குப் பின்னால், அதே துணியில் இருந்தது.

மகள் பிறந்த பிறகு அப்பா ஒரே ஒரு முறை வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கிக் கொஞ்சிவிட்டு, கொண்டுவந்த மீனைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். பிறகு நான் அவரைப் பார்த்தது பிணமாகத்தான்.

எங்கள் பக்கம் பெரியவர்கள் இறந்தால் பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பார்கள். சின்னக் குச்சியில் துணி சுற்றி நெய்யில் நனைத்துக் கொளுத்தியது. அதைப் பிடித்துக்கொண்டு உடலைச் சுற்றி வர வேண்டும். பேரன் பேத்தி பார்த்துவிட்டுப் போனார் என்பதற்கு அதுதான் சாட்சி. என் மகளுக்கு அப்போது ஐந்தாறு வயது இருக்கும். சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அம்மா யாரையும் சட்டை பண்ணவில்லை. அழுத முகத்தோடு ஒரு பந்தத்தைக் கொளுத்தி என் மகள் கையில் கொடுத்தாள். பிள்ளையும் வாங்கிவிட்டது.

என் கணவர் வந்து அதைப் பிடுங்கினார். "நாம வேதக்காரங்க. இதெல்லாம் தொடக் கூடாது. நமக்கு ஒரே வெளிச்சம்தான்," என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் கூட்டத்துக்கே கேட்டது. பிடுங்கிய பந்தத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அம்மாவிடமே நீட்டினார். அம்மா அதை வாங்கி, என்னைப் பார்த்தாள். பிறகு என் தம்பி மகனிடம் கொடுத்துவிட்டாள். ஆனாலும் அவரை நம்பினேன். என்னைவிட அவருக்குத்தானே வேதம் தெரியும், பிறந்ததிலிருந்து அதில் இருக்கிறவர், சொன்னால் காரணம் இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அம்மா அதற்கப்புறம் என் போனை எடுக்க ரொம்ப நாள் ஆனது.

பின்னால் அவருக்குக் குடி பழகிவிட்டது. அறுவடை நேரத்தில் ராத்திரி பகலாக வயலில் மெஷின் ஓடும். உடம்பு அசதிக்கு என்று ஆரம்பித்தது. அசதி போய், குடி மட்டும் தங்கிவிட்டது. ஒரு தை மாதம் குடித்துவிட்டு மெஷின் மேலே ஏறி, வரப்பில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அவர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்த நேரத்தில் நான் வீட்டுக்கு ஓடிவந்து, அலமாரியிலிருந்து அந்த மெழுகுதிரியை எடுத்துக் கொளுத்தி வைத்துவிட்டுத் தரையில் விழுந்து கிடந்தேன். கால்வாசி உருகியிருக்கும். அவர் பிழைத்தார். மெழுகுதிரியைத் திரும்பவும் துணியில் சுற்றி வைத்தேன்.

படுக்கையில் இருந்த காலத்தில்தான் ஒரு ஜெபக் குழு வீட்டுக்கு வர ஆரம்பித்தது. பக்கத்து ஊரில் புதிதாக வந்த சபை. அந்த பாஸ்டரும் அவர் மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் ஜெபித்தார்கள். எழுந்து நடந்தபோது குடி நின்றிருந்தது. பொய் சொல்லக் கூடாது, அதற்கு நான் அவர்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். பாஸ்டர் மனைவியின் கையைப் பிடித்து அழுது நன்றியும் சொன்னேன். எங்கள் கோயிலிலிருந்து ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை என்ற கோபமும் எனக்கு இருந்தது. அவர் ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிறேன் என்றபோது நானே சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். நானும் மகளும் வழக்கம்போல் பூசைக்குப் போனோம்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு மாறியது. சுரூபம் விக்கிரகமாகிவிட்டது. ஜெபமாலை வெறும் மணி. மெழுகுதிரி கொளுத்துவது அஞ்ஞானம். ஒருநாள் நான் வேலை முடிந்து வந்தபோது அலமாரி துடைத்து வைத்தது போலக் கிடந்தது.

"மாதா எங்க?"

"அண்ணன் வீட்ல குடுத்துட்டேன்."

"என் மெழுகுதிரி?"

"திரியெல்லாம் கோயில்லயே குடுத்துட்டேன். அங்க எரியட்டும்."

கேட்காமல் எடுத்தது தப்பு என்று சண்டை போட்டேன். ஆனாலும் கோயிலில்தானே, பீடத்தில் எரிந்து தீர்ந்தால் அதுவும் ஒரு கௌரவம்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். நான் தினமும் பத்துப் பேருக்காவது ஊசி குத்துகிறவள். குத்துவதற்கு முன்னால் வலிக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் குத்துவேன். இவர் அந்த மரியாதையைக் கூட எனக்குத் தரவில்லை என்பது கதவு திறந்த அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுப்பை அணைத்துவிட்டுப் பின்பக்கம் போனேன். அவருடைய டூல்ஸ் பெட்டி தாழ்வாரத்தில் இருந்தது. திறந்தேன். ஸ்பேனர்களுக்கும் கிரீஸ் டப்பாவுக்கும் நடுவில் கிடந்தது. ஒரு பக்கம் முழுக்கத் தேய்ந்து பட்டையாகியிருந்தது. புறாவின் தலை மட்டும் மிச்சம். ரிப்பனைக் காணோம். மரத்தூள் அப்பியிருந்தது.

கொண்டுபோய் அவர் டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது என்னன்னு தெரியுதா?"

பார்த்தார். முகம் கறுத்தது. "மெழுகுதிரி," என்றார்.

"கோயில்ல குடுத்துட்டேன்னு சொன்னீங்க."

"மத்ததெல்லாம் குடுத்தேன். இது துணியோட பை அடியில தங்கிப்போச்சு. தூக்கிப் போட மனசு வரல. சரி, வீட்டு வேலைக்காவது ஆவட்டுமேன்னு... ஒரு பொருள்ல என்னம்மா இருக்கு? வெளிச்சங்கிறது உள்ளுக்குள்ள இருக்கணும்."

அது அவர் பேச்சு இல்லை. பாஸ்டர் பேச்சு. ராகம் கூட பாஸ்டருடையதேதான்.

"அப்ப எங்கப்பா சாவுல நம்ம புள்ள கையில இருந்த பந்தம்? அதுவும் ஒரு பொருள்தானே? அத மட்டும் ஏங்க புடுங்குனீங்க? எங்கம்மா மொகத்துக்கு நேரா, ஒரே வெளிச்சம்னு சொன்னீங்களே, அது எந்த வெளிச்சம்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நிஜமாகவே வருத்தத்தோடுதான் சொன்னார்.

"அப்ப நானும் இருட்டுலதான் இருந்தேன்."

அடித்திருந்தால் கூடப் பொறுத்திருப்பேன். எந்த வெளிச்சத்தைக் காட்டி என்னைக் கூப்பிட்டாரோ, எதற்காக நான் அப்பாவின் விளக்கை விட்டு வந்தேனோ, எதற்காக என் பிள்ளையின் கையிலிருந்து பந்தம் போனதோ, அது இருட்டாம். இவர் வெளியே வந்துவிட்டாராம். என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனவர், சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விட்டு, வெளியில் நின்றுகொண்டு, அங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. டம்ளரைத் தூக்கி எறிந்தேன் என்று எழுத ஆசைதான். எறியவில்லை. மெழுகுதிரியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். அன்றைக்கு முழுவதும் அது என் ஹேண்ட்பேக்கில் டிபன் பாக்ஸோடு இருந்தது.

அடுத்த வாரமே அவருக்கு முழுக்கு ஞானஸ்நானம். குழந்தையில் தலையில் தண்ணீர் ஊற்றியது செல்லாது, அறிவு வந்து, ஆற்றில் முழுகி எடுத்தால்தான் ஞானஸ்நானம் என்பது அவர்கள் கணக்கு. காவிரியில் தண்ணீர் கரைக்குச் சமமாகப் போய்க்கொண்டிருந்தது. வர மாட்டேன் என்றுதான் இருந்தேன். இடுப்பில் தகடு வைத்த மனிதர், வழுக்குகிற படித்துறை, என்ன செய்வது, மனசு கேட்கவில்லை. துண்டையும் மாற்றுத் துணியையும் எடுத்துக்கொண்டு போனேன்.

பாஸ்டரும் இன்னொருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து முழுக்கி எடுத்தார்கள். கரையில் நின்றவர்கள் கை தட்டி ஸ்தோத்திரம் சொன்னார்கள். அவர் தண்ணீர் சொட்டச் சொட்டக் கண்ணைத் திறந்து முதலில் என்னைத்தான் தேடினார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஆஸ்பத்திரியில் ஊசிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டவரின் அதே முகம். அங்கிருந்தே கையை நீட்டி, "நீயும் வா. ரெண்டு பேரும் ஒண்ணா ஆரம்பிக்கலாம்," என்றார்.

பாஸ்டரும் திரும்பிப் பார்த்தார். "வாங்க சிஸ்டர், பயப்படாதீங்க. இந்தப் படியில தண்ணி இடுப்பளவுதான்."

நான் கடற்கரைக்காரி. என்னிடம் வந்து தண்ணீருக்குப் பயப்படாதே என்கிறார்.

"எனக்கு ஆயிருச்சுங்க," என்றேன்.

சத்தமாகத்தான் சொன்னேன். கை தட்டல் நின்றுவிட்டது. அவர் கை கொஞ்ச நேரம் அப்படியே நீட்டியபடி இருந்தது. படியில் ஏறி வந்தவருக்குத் துண்டைக் கொடுத்தேன்.

இன்றுவரை ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு பக்கம், நானும் மகளும் ஒரு பக்கம். வெள்ளிக்கிழமை எங்கள் கூடத்தில் ஜெபக்கூட்டம் நடக்கும். வருகிறவர்களுக்கு டீ போட்டுக் கொடுக்கிறேன். அவர் எழுந்து சாட்சி சொல்வார். "எத்தனையோ வருஷம் இருட்டுல கெடந்தேன்," என்று ஆரம்பிப்பார். நான் அவரைக் கட்டிக்கொண்டதும், மகள் பிறந்ததும் அந்த இருட்டுக்குள்தான் வருகிறது. தட்டோடு நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை, மகள் படிப்பில் கண்ணாக இருக்கிறார். தங்கமான மனுஷன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் இல்லை என்று சொல்லவில்லை. ஏமாற்றப்பட்டவள் நான் ஒருத்தி மட்டும்தான் என்பதால் இதை யாரிடமும் சொல்லவும் முடிவதில்லை.

மெழுகுதிரியைத் துடைத்து, புதுத் துணியில் சுற்றி, அரிசி டிரம்மின் அடியில் போட்டு வைத்தேன். ஆண்பிள்ளை கை போகாத இடம் அது.

போன ஐப்பசியில் மழை விட்டுவிட்டுப் பெய்தது. கதவில் தேய்த்ததெல்லாம் எப்போதோ உரிந்துபோயிருந்தது. ஒருநாள் காலையில் பழைய கத்தல் கேட்டது. அவர்தான் முட்டிக்கொண்டிருந்தார். இடுப்பு வலி வேறு. இரண்டு மூன்று தரம் முட்டிப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்க, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"வீட்ல மெழுகுதிரி ஏதாவது இருக்கா?"

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு அதில் ஒரு கபடமும் இல்லை, நிஜமாகவே கதவுக்குத்தான் கேட்கிறார் என்று தெரிந்ததும் சிரிப்பு போய்விட்டது.

"இருக்கு," என்றேன்.

அவர் கையை நீட்டினார். பிறகு எதைச் சொல்கிறேன் என்று புரிந்து கையை இழுத்துக்கொண்டார்.

"அது எதுக்கு வச்சிருக்கேன்னு ஞாபகம் இருக்கா?"

தலையாட்டினார்.

"நான் கொளுத்துறேன்னு சொன்னீங்க. ஞானத்தாய் முன்னாடி சொன்னீங்க. அன்னைக்கு கொளுத்துவீங்களா?"

அவர் கதவைப் பார்த்தார். பொய் சொல்லியிருக்கலாம். முன்பு ஒரு முறை சொன்னவர்தானே. எனக்காக இன்னொரு முறை சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். நம்புவதற்குத் தயாராகத்தான் நின்றிருந்தேன்.

"உனக்காக ஜெபம் பண்ணுவேம்மா," என்றார்.

கதவு அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அந்த மழைக்காலம் முழுவதும் தோளால் முட்டித்தான் திறந்தேன்.